பாட்டில்ல அடைச்சாச்சு... ஹோம்மேட் ஒயினை எப்போ திறக்கலாம்?

அக்டோபர் பிறந்தாலே சில குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி வந்து விழும். ``ஒயினுக்கு திராட்சை எப்போ போடணும்?'' சிங்கப்பூர் அத்தையும் டொரன்டோ சித்தியும் மாறி மாறி பதில் சொல்வார்கள். பீங்கான் ஜாடி, பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. கடைசியில் அந்த மந்திர எண்: ``21 நாள்.''

இந்த 21 நாள் கணக்குதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அது ஜாடிக்குள் திராட்சை நொதிக்கிற காலம். வடிகட்டி பாட்டிலில் அடைத்த பிறகு எத்தனை நாள் காத்திருக்கணும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்து 22-ம் நாள் பாட்டிலைத் திறந்து, ``என்னடா இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு'' என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம்.

சுருக்கமான பதில் வேண்டும் என்பவர்களுக்கு: எந்த ஒயினாக இருந்தாலும் பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 4 வாரம். லைட்டான வெள்ளை ஒயின் என்றால் 1 முதல் 3 மாதம். துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பு ஒயின் என்றால் 6 மாதம் முதல் ஒரு வருடம். ஏன் என்று தெரிந்துகொள்ள மேலே படியுங்கள்.

முதல்ல சட்டம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டத்தில் `மது' என்பதற்குள் ஒயினும் அடக்கம். `வீட்டுக்கு மட்டும்தான் சார், விக்கறதுக்கு இல்லை' என்பது தப்பிக்கும் வழி அல்ல. கேரளாவிலும் இதே கதைதான். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டில் ஒயின் போடுவதும் குற்றம்தான் என்று அங்கே கலால் துறை எச்சரித்தது பெரிய பேச்சானது.

வெளிநாட்டில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு நொதிக்க வைக்கலாம். அமெரிக்காவில் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெரியவர் இருந்தால் வருடத்துக்கு 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டர். இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு. எங்கேயுமே விற்கக் கூடாது. ஆக, கீழே உள்ள செய்முறை விஷயமெல்லாம் அனுமதி உள்ள இடத்தில் இருக்கிறவர்களுக்கு. சென்னையிலோ நாகர்கோவிலிலோ உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது அறிவியல் பாடம் மட்டும்!

பாட்டிலுக்குள்ள என்னதான் நடக்குது?

நொதித்தல் என்பது எளிமையான வேலை. ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியே தள்ளும். அந்த வேலை முடிந்ததும் ஒயின் `ரெடி' என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் அது முரட்டுத்தனமாக இருக்கும். நாக்கில் சுருக்கென்று வாயு குத்தும், ஈஸ்ட் வாடை அடிக்கும், துவர்ப்பு தனி, புளிப்பு தனி, சாராய நெடி தனி என்று எல்லாம் பிரிந்து பிரிந்து நிற்கும். சாம்பார் இறக்கினவுடனே ஒரு ருசி, ராத்திரி சாப்பிட்டால் வேற ருசி, இல்லையா? கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால், இங்கே மணிக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு.

இதில் இன்னொரு வேடிக்கை. பாட்டிலில் அடைப்பதற்கு முந்தைய நாள் ஜாடியில் எடுத்து ருசி பார்த்தால் நன்றாக இருந்திருக்கும். அதே ஒயின் அடைத்த பத்தாவது நாள் மணமே இல்லாமல் சப்பென்று இருக்கும். ஒயின் போடுகிறவர்கள் இதை `பாட்டில் ஷாக்' என்கிறார்கள். டியூபில் இழுத்து ஊற்றும்போது ஒயினுக்குள் திடீரென்று ஆக்ஸிஜன் கலக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்க கே.எம்.எஸ் (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்) போட்டிருந்தால் அதன் கந்தக நெடியும் சேர்ந்து மூக்கை அடைக்கும். ஜாம், ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்கு இந்த கே.எம்.எஸ் நன்றாகவே தெரியும். சில வாரங்களில் இந்த கந்தகம் ஒயினில் உள்ள மற்ற பொருள்களோடு பிணைந்து அடங்கிவிடும், மணம் திரும்பி வரும். அந்த 4 வாரக் கணக்கு இதற்காகத்தான். ஒயின் கெட்டுப்போச்சு என்று பத்தாம் நாள் சிங்க்கில் கொட்டியவர்கள் கொட்டினது பெரும்பாலும் நல்ல ஒயினைத்தான்.

அதற்குப் பிறகு நடப்பது மெதுவான வேலை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற டானின்தான் அந்த `பாக்கு கடிச்ச மாதிரி' துவர்ப்புக்குக் காரணம். மாதங்கள் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்றும், நிறமிகளோடும் சேர்ந்து பெரிதாகும். துவர்ப்பு மென்மையாகும். கொஞ்சம் கனமானவை அடியில் மண்டியாகத் தங்கும். கத்திரிப்பூ சாயலில் இருந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு நகரும். அதே நேரத்தில், புது ஒயினின் பழ வாசனைக்குக் காரணமான எஸ்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதாவது, ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம். `எவ்வளவு நாள் காத்திருக்கணும்' என்ற கேள்வியே இந்த இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான்.

ஒயின் வயசாவதில் ஆக்ஸிஜனுக்கு என்ன பங்கு என்று லூயி பாஸ்டர் 1860-களிலேயே உட்கார்ந்து ஆராய்ந்தார். காற்று இருக்கிற கண்ணாடிக் குழாய், காற்றே இல்லாத கண்ணாடிக் குழாய் இரண்டிலும் ஒயினை அடைத்துப் பார்த்தார். 1866-ல் ஒயினைப் பற்றி புத்தகமே போட்டார். நாம் பால் பாக்கெட்டில் பார்க்கிற `பாஸ்டரைஸ்டு' ஆள் அவர்தான். அந்த வேலையில் அவருக்கு பாலுக்கு முன்னால் ஒயின்.

எந்த ஒயினுக்கு எத்தனை நாள்?

நம்ம ஊர் ரெசிப்பிகளில் அதிகம் வருவது பன்னீர் திராட்சை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவரவியல்படி இது `மஸ்கட் ஹாம்பர்க்' ரகம். மஸ்கட் குடும்பத்துக்கே உரிய அந்த ரோஜா வாசனைதான் `பன்னீர்' என்ற பேருக்கும் பொருத்தம். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வாசனை நீண்டநாள் தாங்காது. வருடக்கணக்கில் வைத்தால் முதலில் பறிபோவது அதுதான். டானினும் இதில் குறைவு. எனவே, `ஒயின்னா பழசாக பழசாகத்தான் டேஸ்ட்டு' என்ற வசனம் பன்னீர் திராட்சைக்குப் பொருந்தாது. பாட்டிலில் அடைத்த ஒரு மாதத்தில் திறக்கலாம், 3 முதல் 6 மாதத்துக்குள் அதன் நல்ல காலம், ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவது உத்தமம். தாத்தா பரணில் பத்து வருஷம் வைத்திருந்தார் என்கிற கதைகளை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் 25 மேஜைக்கு வரவேண்டும் என்றால் பின்னால் இருந்து எண்ணுங்கள். பாட்டிலில் 30 நாள் என்றால் நவம்பர் 25-ல் அடைக்க வேண்டும். அதற்கு முன் மண்டி இறங்கி தெளிய 20 நாள். அதற்கும் முன் 21 நாள் நொதித்தல். ஆக, அக்டோபர் 15-க்குள் திராட்சையை நசுக்கியாக வேண்டும். நவம்பர் கடைசியில் ஞாபகம் வந்து ஆரம்பிக்கிற ஒயின் அந்த கிறிஸ்துமஸுக்கு ஆகாது. ஈஸ்டருக்கு ஆகும்.

`ஆனா பிரான்ஸ்லயே புது ஒயினைக் குடிக்கறாங்களே?' என்று கேட்பீர்கள். ஆமாம், போஜொலே நூவோ. அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே, நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும். ஆனால், அது இளசாகக் குடிப்பதற்கென்றே தயாரிக்கப்படுவது. திராட்சையை நசுக்காமல் முழுக் குலையாக கார்பன் டை ஆக்ஸைடு சூழ்ந்த தொட்டியில் போடுவார்கள். தோலிலிருந்து துவர்ப்பு அதிகம் இறங்காது, பழ வாசனை தூக்கலாக இருக்கும். கையால் நசுக்கி, தோலும் விதையுமாக மூன்று வாரம் ஊறவிட்ட ஜாடி ஒயினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பலரும் `கிட்' வாங்குகிறார்கள். பெட்டிக்குள் அடர்த்தியான திராட்சைச் சாறு, ஈஸ்ட், மற்ற பொடிகள் எல்லாம் வரும். `4 வாரத்தில் ஒயின்' என்று பெட்டி மேல் போட்டிருந்தால் அது பாட்டிலில் அடைக்கும் வரைதான். அதன் பிறகு வெள்ளைக்கு ஒரு மாதம், சிவப்புக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபர்னே சாவின்யோன், ஷிராஸ் மாதிரி கனமான சிவப்பு என்றால் ஆறு மாதத்துக்கு முன் திறப்பது வீண்.

பழ ஒயின்களில் அன்னாசி, ஆப்பிள் போன்றவை 3 முதல் 6 மாதத்தில் நன்றாகிவிடும். நாவல்பழம், பிளாக்பெர்ரி மாதிரி கருமையும் துவர்ப்பும் உள்ளவற்றுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம். தேன் ஒயின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மாதத்தில் அது தீ மாதிரி எரியும். ஒரு வருடம் வைத்தால் அதே பாட்டிலா என்று ஆச்சர்யப்படுவீர்கள். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பாட்டில் வெடிக்குமா? வெடிக்கும்!

காத்திருப்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் ருசியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய விஷயம் இதுதான். நொதித்தல் முழுசாக முடிவதற்கு முன்பே அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற ஈஸ்ட் மிச்ச சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வாயு வெளியே போக வழி இல்லை. ஒன்று, கார்க் பறக்கும். இல்லை, கண்ணாடி சிதறும்.

ஒரு சின்ன கணக்கு. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பாட்டிலுக்குள் சுமார் 1 வளிமண்டல அழுத்தம் கூடும். `கொஞ்சம் தித்திப்பு பத்தல' என்று 750 மில்லி பாட்டிலில் 3 டீஸ்பூன் சர்க்கரை போட்டு மூடினால், அது சுமார் 12 கிராம். லிட்டருக்கு 16 கிராம். அத்தனையும் நொதித்தால் 4 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஷாம்பெய்ன் பாட்டில் 6-ஐயும் தாராளமாகத் தாங்கும், அதனால்தான் அது அவ்வளவு கனம். சாதாரண ஒயின் பாட்டிலோ, காலியான ஜூஸ் பாட்டிலோ அதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

நம்ம வீட்டு ரெசிப்பிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை போடுகிறோம். அவ்வளவு தித்திப்பில் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் திணறிப்போய் பாதியில் நின்றுவிடும். குமிழ் வரவில்லை, முடிந்துவிட்டது என்று அடைத்துவிடுவோம். வெயில் ஏறியதும் அது மறுபடி விழித்துக்கொள்ளும்.

குமிழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடி மிதவை கிடைக்கும், விலை அதிகமில்லை. தித்திப்பு இல்லாத ஒயினுக்கு அது 0.990 முதல் 0.998-க்குள் காட்ட வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நிற்க வேண்டும். தித்திப்பு ஒயின்தான் வேண்டுமென்றால், தெளிந்த பிறகு கே.எம்.எஸ்-ஸும் பொட்டாசியம் சார்பேட்டும் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்த்து, அதற்குப் பிறகுதான் சர்க்கரை. சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால், குமிழ் விட்டுக்கொண்டிருக்கும் ஒயினில் அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கே.எம்.எஸ் சேர்த்த ஒயின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு ஒரு எளிய வழி. அடைக்கும்போது ஒரே ஒரு காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே ஒயினை நிரப்பி, மற்ற பாட்டில்களின் பக்கத்திலேயே வையுங்கள். தினமும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். நெகிழ்ந்து கொடுத்தால் நிம்மதி. கல் மாதிரி இறுகிவிட்டால், கண்ணாடி பாட்டில்களுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கண்ணாடி, கனமான துணி என்று பாதுகாப்போடு எல்லாவற்றையும் மெதுவாகத் திறந்து வாயுவை வெளியேற்றி, மறுபடி ஜாடிக்கே மாற்றுங்கள்.

எங்கே வைக்கணும்?

கார்க் போட்டால் முதல் மூன்று நாள் பாட்டிலை நிமிர்த்தியே வைக்கணும். கார்க் அமுங்கும்போது உள்ளே சிக்கிய காற்று மெல்ல வெளியேறி, கார்க்கும் விரிந்து பிடித்துக்கொள்ளும். பிறகு, படுக்க வையுங்கள், கார்க் காயாது. திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

12 முதல் 15 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம் என்பது ஏட்டுக் கணக்கு. சிங்கப்பூர் ஃபிளாட்டில் அதற்கு எங்கே போவது? 30 டிகிரி அறையில் ஒயின் வேகமாக மூப்படையும். `அப்போ ஆறு மாச வேலை மூணு மாசத்துல முடிஞ்சிடுமே' என்று சந்தோஷப்பட வேண்டாம். சூட்டில் பழ வாசனை போய், வேகவைத்த ஜாம் வாடை வந்துவிடும். கிச்சன் அலமாரியும் ஃபிரிட்ஜ் மேல் தட்டும் மிக மோசமான இடங்கள். வேறு வழி இல்லையென்றால் நான்கு வாரம் வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்து, பிறகு ஃபிரிட்ஜுக்குள் மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் மாற்றங்கள் ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால், இருக்கிற ருசி காப்பாற்றப்படும்.

ஃபிரிட்ஜில் வைத்த திராட்சை ஒயினின் அடியில் சில சமயம் பளபளவென்று துகள்கள் தெரியும். கண்ணாடி உடைந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்புதான் குளிரில் படிகமாகிறது. ஆடாமல் ஊற்றினால் போதும்.

மொத்தத்தையும் ஒரே அளவு பெரிய பாட்டிலில் அடைக்காமல் இரண்டு மூன்று குட்டி பாட்டில்களும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நான்காவது வாரம் ஒன்று, மூன்றாவது மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. உங்கள் ஒயினுக்கு எது சரியான நாள் என்று எந்தக் கட்டுரையையும்விட அந்தக் குட்டி பாட்டில்கள் துல்லியமாகச் சொல்லும். தேதியை ஒட்டி வைக்க மறக்காதீர்கள். எது எப்போ போட்டது என்று தெரியாமல் நாலு பாட்டில் நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

குடிக்கலாமா, கொட்டலாமா?

காத்திருந்தால் சரியாகிற பிரச்னைகளும் உண்டு, எத்தனை வருடம் வைத்தாலும் சரியாகாதவையும் உண்டு. துவர்ப்பு, லேசான கந்தக நெடி, சாராயக் காரம் எல்லாம் முதல் வகை. வினிகர் புளிப்பு, நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, மேலே பூஞ்சை இதெல்லாம் இரண்டாவது வகை. வினிகரானது திரும்ப ஒயினாகாது. பூஞ்சை பூத்ததை வடிகட்டிக் குடிக்கும் வேலையெல்லாம் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

எல்லோர் மனதிலும் இருக்கிற இன்னொரு பயம் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். பழம் நொதிக்கும்போது அதிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் மிகக் குறைந்த அளவில் உருவாகும். சாதாரண திராட்சை ஒயினில் அது விஷமாகும் அளவு இருக்காது. ஆனால், நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். ஒயின் போட அனுமதிக்கும் பெரும்பாலான நாடுகளிலும் வீட்டில் காய்ச்சி வடிப்பது குற்றம். ``ஒயின் சரியா வரல, காய்ச்சிப் பார்ப்போம்'' என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த ஆளை முதலில் வெளியே அனுப்புங்கள்.

எத்தனை மாதம் காத்திருந்து குடித்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. `வீட்டு ஒயின்தானே, பழச்சாறு மாதிரி' என்று குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது கூடவே கூடாது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸ் மேஜையில் கிளாஸ் இல்லாமல் எப்படி என்பவர்களுக்கு நம்ம ஜிஞ்சர் ஒயின் இருக்கிறது. இஞ்சி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒன்றிரண்டு காய்ந்த மிளகாய் எல்லாம் கொதிக்கவைத்து, எலுமிச்சை உப்பு சேர்த்து வடிகட்டினால் ஆச்சு. ஈஸ்ட் சேர்க்காத வரை பேரில் மட்டும்தான் ஒயின். காத்திருப்பும் மாதக்கணக்கில் இல்லை. ரெண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் இஞ்சிக் காரம் அடங்கி மசாலா வாசனை மேலே வரும்.

நிஜ ஒயினோ, திறந்த பிறகு ரொம்ப நாள் தாங்காது. மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள். மிச்சம் இருந்தால் சின்ன பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி மூடுங்கள், உள்ளே காற்று குறைவாக இருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடும்.